ஆறாம் வகுப்பு வரை அறிவியல் காத்திருக்க வேண்டுமா? மதுரை மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மதுரை மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலருக்கும், வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும், வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுக்களில் உள்ள பெற்றோருக்கும் வணக்கம்.

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தொடக்கக் கல்வியைப் பற்றிப் பேச இவருக்கு என்ன உரிமை என்று நீங்கள் நினைக்கலாம். முதல் ஐந்து வகுப்புகளில் விட்டுப்போனவை பதினாறு வயதில் எந்த உருவில் வந்து நிற்கின்றன என்பதைப் பார்க்கும் இடத்தில் பணிக்காலம் முழுவதும் இருந்தேன் என்பதே என் உரிமை. வாய்பாட்டையும் சூத்திரத்தையும் பிசகாமல் ஒப்பிக்கும் மாணவன், கணக்கைப் போட்டு முடித்து ஒரு மனிதனின் எடை 6,000 கிலோ என்று விடை வந்தாலும் அதன்கீழ் இரண்டு கோடு இழுத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவான். வந்த எண் நடப்புக்குப் பொருந்துகிறதா என்று நின்று பார்க்கும் பழக்கத்தை அந்த வயதில் புதிதாக உண்டாக்குவது மிகக் கடினம். ஆறேழு வயதில் பொருள்களை எடுத்து, எண்ணி, அளந்து, ஊகித்து, ஊகம் பொய்த்துப்போவதைக் கண்டு சிரிக்கும்போது தானாகப் படிய வேண்டிய பழக்கம் அது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று குறைகூற இம்மடலை எழுதவில்லை. 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கப்பட்டு அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்த எண்ணும் எழுத்தும் திட்டம், ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நிலையில் இருக்கிறார்கள் என்ற பாசாங்கைக் கைவிட்டு, அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையிலிருந்து தொடங்கச் சொன்னது. அது துணிச்சலான முடிவு. அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நம் மதுரையில்தான் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பசித்த வயிற்றோடு பின்னம் படிக்க முடியாது என்பதை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் அறிவியலைச் செய்து பார்ப்பதற்கென்று வந்தவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கானது. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பத்து வயது நிரம்பியவர்களே ஆய்வு சமர்ப்பிக்கலாம். இரண்டும் நல்ல முயற்சிகளே. எனினும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, குழந்தை கையால் தொட்டுச் செய்யும் அறிவியல் பத்து வயதுக்கு மேல்தான் தொடங்கும் என்று நாம் எல்லாரும் பேசாமலே ஒப்புக்கொண்டதுபோல் இருக்கிறது. அதற்குக் கீழே பாடநூல் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. 'செய்து பார்ப்போம்' என்ற பகுதிகளும் அதில் இருக்கின்றன. செய்து பார்த்தார்களா என்று கேட்கத்தான் ஆளில்லை.

அண்மையில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். பெயர் வேண்டாம், எந்த ஒன்றியத்திலும் அப்படி ஒரு பள்ளியைக் காணலாம். திட, திரவ, வாயு நிலைகளைப் பற்றிய கேள்வி பதில்கள் ஓரக்கோடு இழுத்த நோட்டுகளில் அழகான கையெழுத்தில் இருந்தன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பு மையில் கையொப்பமும் தேதியும் இருந்தன. சோறு கொதிக்கும்போது மூடியைத் திறந்தால் அதன் உட்பக்கம் தண்ணீர் நிற்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "அம்மா கழுவி அப்படியே வச்சிருப்பாங்க சார்" என்றாள் ஒரு சிறுமி. பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "எங்க வீட்ல துடைச்சு வச்சாலும் நிக்குது சார்" என்றான். ஒரு காரணத்தைச் சொன்னவளுக்கும் அதைத் தான் கண்டதைக் காட்டி மறுத்தவனுக்கும் வயது ஒன்பது. ஆவியாதல், ஆவி குளிர்ந்து நீராதல் என்ற இரண்டையும் அவர்கள் நோட்டில் எழுதியிருந்தார்கள் என்பதும், அந்த எழுத்துக்கும் மூடியில் நின்ற தண்ணீருக்கும் தொடர்பு இருப்பதாக வகுப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டியவை.

அதே பள்ளியின் பீரோவில் கணித உபகரணப் பெட்டி இருந்தது. தராசு, எடைக்கற்கள், பின்னப் பட்டைகள், பத்துப் பத்தாகக் கோக்கும் மணிச்சட்டம் ஆகியவை பாலித்தீன் உறை பிரிக்காமல் இருந்தன. தலைமை ஆசிரியையிடம் கேட்டபோது, "ஒரு கல் தொலைஞ்சாலும் இருப்புப் பதிவேட்டுக்கு நான்தானே பதில் சொல்லணும்? தவிர, பார்வைக்கு வர்றவங்க நோட்டைத்தான் சார் கேக்குறாங்க" என்றார். அவர் சோம்பல்காரர் அல்லர். ஐந்து வகுப்புகளையும் இன்னொரு ஆசிரியரோடு பகிர்ந்து நடத்துபவர். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகளைப் பார்த்துக்கொண்டு, எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையதளத்துக்கான பதிவுகளையும் முடித்து, நோட்டுத் திருத்தத்தையும் அன்றன்றைக்கு முடிக்க வேண்டிய நிலையில், பார்த்து எழுதச் சொல்வதே வகுப்பை அமைதியாக வைத்திருக்கும் ஒரே வழியாகிவிடுகிறது.

அவர் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரிக்காகவே இம்மடல். பார்வையிட வருபவர் எதைக் கேட்கிறாரோ அதையே பள்ளி கற்பிக்கும். பாடத்திட்டத்தை மாற்றாமல், புதிய நிதி ஒதுக்காமல், புதிய திட்டத்துக்குப் பெயர் சூட்டாமல், நீங்கள் உங்கள் அளவிலேயே நாளைக்கே மாற்றக்கூடியது அந்தக் கேள்வி ஒன்றுதான்.

ஏன் இவ்வளவு சிறு வயதிலேயே என்று சிலர் கேட்பதுண்டு. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் ஆறு பெரிய தரவுத் தொகுப்புகளை ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, பள்ளியில் சேரும்போது குழந்தைக்கு இருக்கும் எண்ணறிவே அதன் பிற்காலக் கல்வித் தேர்ச்சியை மிக வலுவாக முன்னறிவிக்கிறது என்றும், வாசிப்புத் திறன் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது என்றும் கண்டது. எண்ணறிவு என்றால் நூறு வரை ஒப்பிப்பது என்று பொருள்கொண்டுவிடக் கூடாது. எது பெரிது, எவ்வளவு பெரிது, ஒன்றைக் கூட்டினால் என்ன ஆகும் என்ற உணர்வே அது.

அந்த உணர்வு நம் பிள்ளைகளிடம் இல்லையா? மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்கு விடியற்காலையில் போனால் இதற்கு விடை கிடைக்கும். முகூர்த்த நாளில் ஒரு விலை, மறுநாள் ஒரு விலை என்று ஏறி இறங்கும் மல்லிகையைக் கால் கிலோ, நூறு கிராம் என்று பிரித்து, கொடுத்த நோட்டுக்கு மீதியையும் மனத்திலேயே போட்டுச் சொல்லும் சிறுவர்களை நம் ஊரில் காணாதவர் இல்லை. இத்தகைய பிள்ளைகளை உலகம் ஆராய்ந்திருக்கிறது. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர்களிடம் நடந்து 1985இல் வெளியான ஆய்வில், கடையில் நின்றபடி போட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரியாக இருந்தது. அதே கணக்குகளைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது அது 37 விழுக்காட்டுக்கு இறங்கியது. பொருளியல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உள்ளிட்ட குழு கொல்கத்தாவிலும் டெல்லியிலும் நடத்தி 2025இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வும் அதையே கண்டது. அந்த ஆய்வின் மறுபாதிதான் என்னை அதிகம் உறுத்தியது. பள்ளிக்கு மட்டுமே போன பிள்ளைகள் தாளில் போட்ட கணக்கைச் சந்தையில் பயன்படுத்தத் தெரியாமல் தடுமாறினார்கள். ஆக, நாம் சந்தைப் பிள்ளையின் திறமையைப் பள்ளிக்குள் கொண்டுவரவும் இல்லை, பள்ளிப் பிள்ளையின் படிப்பை வெளியே அனுப்பவும் இல்லை. சிறுவர்கள் சந்தையில் வேலை செய்வது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் இருக்க வேண்டிய இடம் வகுப்பறை. வகுப்பறைதான் அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

தொடங்குவது எப்படி என்பதற்கு வெளிநாட்டு உபகரணம் தேவையில்லை. இரண்டாம் வகுப்பில் ஒரு பூச்சரத்தைக் கொடுத்து முழம் போடச் சொல்லுங்கள். பூக்கார அம்மா போட்டால் நான்கு முழம், குழந்தை போட்டால் ஆறு முழம், வகுப்பிலேயே உயரமான பையன் போட்டால் ஐந்து. அப்படியானால் பூ எவ்வளவு? யாருடைய முழத்துக்குக் காசு கொடுப்பது? இந்தச் சண்டை பத்து நிமிடம் நடந்த பிறகு அளவுகோலை எடுத்து நீட்டினால், சென்டிமீட்டர் என்பது எதற்காக உண்டானது என்று ஒருவரும் விளக்க வேண்டியிருக்காது. சண்டை நடக்காமலே அளவுகோலை நீட்டுவதுதான் இப்போது நடக்கிறது.

அதுபோல, ஒரே அளவுத் தண்ணீரை அகன்ற கிண்ணத்திலிருந்து ஒடுங்கிய உயரமான டம்ளருக்கு மாற்றி ஊற்றினால், ஐந்து வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் டம்ளரில்தான் அதிகம் என்பார்கள். ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே இதைக் காட்டிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. பெரியவர் சொல்லி இதைத் திருத்த முடியாது. திரும்பத் திரும்ப ஊற்றிப் பார்த்துத்தான் குழந்தை அதைத் தாண்டி வரும். பழைய வீடுகளில் இன்னும் கிடக்கும் ஆழாக்கும் உழக்கும் உரியும் படியும் இதற்கென்றே செய்தவைபோல் இருக்கின்றன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று அரிசியை அளந்து கொட்டிய குழந்தைக்கு அரை, கால், அரைக்கால் மூன்றும் கைக்குள் வந்துவிடும். அவ்வாறு அளக்காத குழந்தை, எட்டு நான்கைவிடப் பெரிது என்பதால் எட்டில் ஒரு பங்கும் நான்கில் ஒரு பங்கைவிடப் பெரிது என்று ஐந்தாம் வகுப்பில் எழுதுகிறது. முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதும் பிள்ளையும் அப்படித்தான். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டுகளை அடுக்கிப் பார்த்திருந்தால், பத்தின் இடத்தில் ஒன்றும் இல்லை என்பதற்காகவே சுழியம் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டிருக்கும்.

ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ளவை 985 தூண்கள் என்று வெளியூர்க்காரர்களிடம் நாம் பெருமையோடு சொல்கிறோம். பள்ளிச் சுற்றுலாவில் போன பிள்ளைகளிடம் ஒரு வரிசையை மட்டும் எண்ணி மொத்தம் எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கச் சொன்ன ஆசிரியரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு வைகை அணையின் நீர்மட்டம் ஒன்றே ஓராண்டுக்குப் போதும். அது நாள்தோறும் நாளிதழில் வருகிறது. முழுக் கொள்ளளவு 71 அடி. 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. வாரத்துக்கு ஒரு புள்ளி என்று கட்டம் போட்ட தாளில் வைத்துக்கொண்டே போனால், தசமப் புள்ளி எதற்கு, கோடு ஏறினால் என்ன பொருள், செங்குத்தாக ஏறினால் என்ன பொருள் என்பதெல்லாம் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பதினொன்றாம் வகுப்பில் வரைபடத்தைக் கண்டு மிரளும் மாணவன் எனக்கு வந்திருக்க மாட்டான்.

அறிவியலுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஒரு குச்சி. பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர்க் குச்சியைச் செங்குத்தாக நட்டு, நண்பகல் நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறித்துத் தேதி எழுதி வர வேண்டும். மதுரையில் டிசம்பர் 22ஐ ஒட்டி அந்த நிழல் வடக்கே ஏறக்குறைய 66 சென்டிமீட்டர் நீளும். ஜூன் 21ஐ ஒட்டி அது தெற்கே விழும்; நீளமும் 24 சென்டிமீட்டர் அளவே. இடையில் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு 27ஐ ஒட்டியும், சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் குச்சிக்கு நிழலே இராது. ஏப்ரலில் தேர்வும் விடுமுறையும் குறுக்கிடும். ஆகஸ்டில் பள்ளி நடக்கிறது. அந்த நிமிடம் 12 மணிக்கு வராமல் 12.20ஐ ஒட்டி வருவதையும் பிள்ளைகள் கவனித்துக் கேட்பார்கள். நம் கடிகாரம் மதுரைக்குக் கிழக்கே உள்ள 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுவதுதான் காரணம். ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கு இக்காரணம் முழுதும் புரிய வேண்டியதில்லை. ஜூனில் நிழல் தெற்கே விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்து, தன் கையால் குறித்திருந்தால் போதும். ஒன்பதாம் வகுப்பில் புவியியல் ஆசிரியர் பூமியின் சாய்வைப் பேசும்போது, அது எதைப் பற்றிய பேச்சு என்று அதற்குத் தெரியும். மேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி அவர்களின் கொல்லைப்புறத்தில் இருக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு சொல். தனியார் பள்ளியில் யுகேஜி குழந்தை ஒன்று முதல் ஆயிரம் வரை எழுதிவரும் நோட்டைப் பார்த்துவிட்டு, அரசுப் பள்ளி ஆசிரியரிடம் வந்து, "எங்க பிள்ளைக்கு எழுத்து வேலையே குடுக்க மாட்டேங்கிறீங்களே" என்று நீங்கள் கேட்கிறீர்கள். ஆயிரம் வரை எழுதிய குழந்தையிடம் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையைக் கொடுத்து எத்தனை இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அபாகஸ் வகுப்புக்குக் கட்டும் பணத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அது உங்கள் விருப்பம். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள் என்று வந்துவிட்டால், முந்தைய இரவு அப்பாவும் அம்மாவும் தெர்மாகோலில் எரிமலை செய்து கொடுத்தனுப்புவதை மட்டும் நிறுத்தலாம். எரிமலையே இல்லாத இம்மாவட்டத்தில் ஆண்டுக்கு இத்தனை எரிமலைகள் வெடிப்பது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. குழந்தை தானே செய்த, கோணலாக நிற்கும் தராசைக் கொண்டுவரட்டும்.

அலுவலர்களிடம் நான் வேண்டுவது இதுதான். பள்ளிப் பார்வையின்போது நோட்டுகளைப் புரட்டும் நேரத்தில் பாதியை ஒதுக்கி, ஏதேனும் இரண்டு குழந்தைகளை அழைத்து ஒன்றை அளக்கவோ எண்ணவோ ஊகிக்கவோ செய்யச் சொல்லுங்கள். மேசையின் நீளம் எத்தனை சாண் இருக்கும் என்று முதலில் சொல்லட்டும், பிறகு அளந்து பார்க்கட்டும். ஊகம் தவறினால் குறை எழுத வேண்டாம். ஊகிக்கவே தெரியவில்லை என்றால் மட்டும் பார்வைக் குறிப்பில் எழுதுங்கள். இப்படிக் கேட்கப்படும் என்று தெரிந்த மறு வாரமே பீரோக்கள் திறந்துவிடும் என்பது என் நம்பிக்கை. பிள்ளைகள் கையாளும்போது உடைவதும் தொலைவதும் பயன்பாட்டுத் தேய்மானமாகக் கொள்ளப்படும், தலைமை ஆசிரியர் அதற்குப் பொறுப்பாக மாட்டார் என்று ஒரு சுற்றறிக்கை அதோடு தேவை. பிரிக்காத உறையோடு இருக்கும் பெட்டியைத்தான் இனி விளக்கம் கேட்க வேண்டியதாகக் கருத வேண்டும்.

பாடவேளை எங்கே இருக்கிறது என்ற கேள்வி வரும். புதிதாக ஒன்றும் வேண்டாம். கேள்வி பதில் பார்த்து எழுதும் வேளைகளில் வாரத்துக்கு இரண்டை எடுத்துக்கொண்டால் போதும். ஈராசிரியர் பள்ளியில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் சேர்ந்தே குச்சியின் நிழலை அளக்கலாம். மூன்றாம் வகுப்புக் குழந்தை நுனியைக் குறிக்கும், ஐந்தாம் வகுப்புக் குழந்தை அளந்து வரைபடத்தில் வைக்கும். எண்ணும் எழுத்தும் பயிற்சிகளில் ஏற்கெனவே செயல்பாடுகள் உள்ளனவே என்று பயிற்றுநர்கள் சொல்லக்கூடும். கணக்குக்கு உள்ளன என்பது உண்மை. அறிவியலுக்கும் அதே அளவு இடம் வேண்டும் என்பதும், குறுவள மையக் கூட்டங்களில் திரையில் காட்டுவதைவிட ஆசிரியர்கள் தாங்களே தண்ணீரை ஊற்றி, தராசைக் கட்டிப் பார்க்கும் பயிற்சி வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே என்று சட்டம் சொல்கிறது. அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர் ஆகியவற்றோடு இதையும் ஒரு தீர்மானமாக நீங்கள் நிறைவேற்றலாம்.

முதற்படியாக, வரும் ஆகஸ்டு கடைசி வாரத்தில் ஒன்றியத்துக்குச் சில பள்ளிகளிலாவது நிழலில்லா நண்பகலைப் பிள்ளைகளே அளக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். மேகம் மறைக்கக்கூடும் என்பதால் 25 முதல் 29 வரை நாள்தோறும் அளப்பது நல்லது. ஓய்வுபெற்ற அறிவியல், கணித ஆசிரியர்கள் சிலர் உதவிக்கு வர ஆயத்தமாக இருக்கிறோம். பயணப்படி எதுவும் வேண்டாம். வெளியாள் பள்ளிக்குள் வருவதற்கான அனுமதிக் கடிதம் மட்டும் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஜூலை இறுதிக்குள் கிடைத்தால், குச்சிகளை முன்கூட்டியே நட்டு, ஆகஸ்டு முதல் வாரத்திலிருந்தே நிழல் குறையக் குறையப் பிள்ளைகள் குறித்துவரச் செய்ய இயலும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.